ஏழு மாதக் குழந்தையின் இடக்கை: அறுவை சிகிச்சையா, செயற்கைக் கையா?

கேள்வி: எங்கள் மகளுக்கு ஏழு மாதம் ஆகிறது. பிறக்கும்போதே இடக்கை முழங்கைக்குக் கீழே மூன்று விரல்கடை நீளத்தோடு நின்றுவிட்டது. நுனியில் மிளகு அளவில் நான்கு மொக்குகள் இருக்கின்றன. வலக்கையில் குறை ஏதுமில்லை. கிரகணத்தன்று நான் வெளியே வந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று மாமியார் சொல்கிறார். கால்விரலை எடுத்துக் கையில் வைக்கலாம் என்று ஒரு மருத்துவர் சொன்னார். இரண்டு வயதுக்குள் பேட்டரிக் கை பொருத்தாவிட்டால் மூளை கையையே மறந்துவிடும், நாலரை லட்சம் ஆகும் என்று ஒரு நிறுவனத்திலிருந்து வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். நிலத்தை அடமானம் வைக்கலாம் என்கிறார் என் கணவர். இன்னொருவருடைய கையை எடுத்துப் பொருத்துவதாகச் செய்தியில் பார்த்தோமே, அது நம் குழந்தைக்கு முடியாதா என்றும் கேட்கிறார். எதை, எப்போது செய்ய வேண்டும்? அடுத்த குழந்தைக்கும் இப்படி வருமா? (ஒட்டன்சத்திரம் அருகிலிருந்து ஒரு தாய்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நிலத்தை அடமானம் வைக்க வேண்டாம். மற்ற கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் எழுதுகிறேன். இதை மட்டும் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் விவரித்துள்ளபடியே குழந்தையின் கை இருக்குமானால், இந்த வயதில் அவசரமாகச் செய்தாக வேண்டிய அறுவை சிகிச்சை எதுவும் அவளுக்கு இல்லை. இரண்டு வயது என்று உங்களுக்கு வைக்கப்பட்ட கெடுவும் உண்மையானதன்று.

அடுத்து உங்கள் மாமியார் சொன்னதைப் பற்றி. கருவில் கை முளைவிடுவது கருத்தரித்து ஏறத்தாழ 26-ஆம் நாளில்; எட்டாவது வாரம் முடிவதற்குள் தோள் முதல் விரல் நுனி வரை கையின் வடிவம் அமைந்துவிடுகிறது. தான் கருவுற்றிருப்பதே பல பெண்களுக்கு உறுதியாகாத காலம் அது. அந்தச் சில வாரங்களுக்குள், முளைவிட்ட கையின் நுனிக்குச் செல்லும் ரத்த ஓட்டத்திலோ, மேற்கொண்டு வளரச் சொல்லும் சமிக்ஞைகளிலோ ஏற்பட்ட ஒரு தடையால் கை அந்த இடத்தோடு நின்றிருக்கும் என்பதுதான் மருத்துவம் தரும் விளக்கம். கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நீங்கள் உண்டதற்கும் நடந்ததற்கும் தூக்கிய பாரத்துக்கும் இல்லை. பேத்தியை எண்ணி வருந்தும் மனம் ஒரு காரணத்தைத் தேடத்தான் செய்யும். ஆனால் அந்த வருத்தத்தின் பாரம் முழுவதும் பிள்ளை பெற்றவள் தலையில் இறக்கப்படுவதை நான் எத்தனையோ குடும்பங்களில் கண்டிருக்கிறேன்; அதனால்தான் இதை இவ்வளவு அழுத்தமாக எழுதுகிறேன். இப்பகுதியை உங்கள் மாமியாருக்கு நீங்களே படித்துக் காட்டலாம்.

ஒரு கையில் மட்டும், முன்னங்கையின் மேற்பகுதியோடு நின்று, நுனியில் சிறு மொக்குகளோடு காணப்படும் இவ்வமைப்பு நாங்கள் நன்கறிந்த ஒன்று. வலக்கையைவிட இடக்கையிலேயே இது அதிகம் வருகிறது. அந்த மொக்குகள், உருவாகத் தொடங்கி நின்றுபோன விரல்கள்தாம். கூர்ந்து பார்த்தால் சிலவற்றில் நகத்தின் சாயல்கூடத் தெரியும். குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாமல், குழந்தைக்கு வேறு குறை எதுவும் இல்லாமல் தனித்து வரும்போது இது பரம்பரையாகத் தொடர்வதில்லை. எனவே அடுத்த குழந்தையைப் பற்றி அஞ்ச வேண்டாம். அடுத்த கர்ப்பத்தின் ஐந்தாம் மாத ஸ்கேனில் கைகால்களைக் குறிப்பாகப் பார்க்கச் சொன்னால் உங்கள் மனமும் நிம்மதியடையும். இப்போதைக்குக் குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர் அவளை முழுமையாக ஒருமுறை பார்த்து, இடப்பக்க மார்புத் தசை சரியாக இருக்கிறதா என்பதையும் கவனித்தால் போதும். கைக்குறையோடு அந்தத் தசையும் சேர்ந்து இல்லாத குழந்தைகள் சிலர் உண்டு.

கால்விரலை எடுத்து வைக்கலாம் என்ற யோசனை எங்கிருந்து வந்தது என்பதை விளக்க வேண்டும். பிறவிக் கைக்குறைகளில் அறுவை சிகிச்சையால் வாழ்க்கையே மாறக்கூடிய குழந்தைகள் இருக்கிறார்கள். உங்கள் மகள் அந்த வகையைச் சேர்ந்தவள் அல்லள், அவ்வளவுதான். முன்னங்கையில் கட்டைவிரல் பக்கத்து எலும்பான ஆரை எலும்பு இல்லாமல் பிறக்கும் குழந்தைக்கு, கை அந்தப் பக்கமாக மடங்கிக் கட்டைவிரல் சிறுத்தோ, அறவே இல்லாமலோ இருக்கும். பிறந்த சில நாட்களிலிருந்தே தாய் அந்தக் கையை மெல்ல நீவி நேராக்கி, சிம்பு கட்டிப் பழக்க வேண்டும். ஒரு வயதையொட்டி மணிக்கட்டை நேராக்கும் அறுவை சிகிச்சை. பிறகு சுட்டுவிரலை அதன் ரத்தக்குழாய், நரம்புகளோடு இடம்பெயர்த்துத் திருப்பிக் கட்டைவிரலாக்கும் அறுவை சிகிச்சை. இந்த இரண்டாவது சிகிச்சையைச் செம்மைப்படுத்தி 1971-ல் வெளியிட்டவர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த டீட்டர் புக்-கிராம்கோ. கர்ப்பிணிகள் உண்ட தாலிடோமைடு மருந்தால் கை குறைந்து பிறந்த குழந்தைகள் பலருக்குச் சிகிச்சை அளித்தவர் அவர். நான்கு விரல் மட்டுமே இருந்த கை, ஒரு டம்ளரைச் சுற்றிப் பிடிக்கும் கையாக மாறுவதை முதன்முதலில் பார்த்த நாளில்தான் இந்தத் துறையை விட்டு விலகக்கூடாது என்று நான் முடிவு செய்தேன். ஆனால் அத்தகைய குழந்தைகளுக்குக் கத்தி வைப்பதற்கு முன் இதயம், சிறுநீரகம், ரத்த அணுக்கள் ஆகிய மூன்றையும் பார்த்தாக வேண்டும். ஃபான்கோனி ரத்தசோகை என்ற நோய் சில சமயம் இந்தக் கைக்குறையை மட்டும் முதல் அடையாளமாகக் காட்டிவிட்டு, பள்ளி வயதில்தான் தலைதூக்கும். அதற்கென்று உள்ள ரத்தப் பரிசோதனையைத் தவிர்க்கக்கூடாது. இதைப் படிக்கும் வேறு பெற்றோர் எவருக்கேனும் இது பயன்படக்கூடும் என்பதால் சற்று விரித்து எழுதினேன்.

கால்விரல் சிகிச்சை, உள்ளங்கை இருந்து விரல்கள் மட்டும் குட்டையாகவோ இல்லாமலோ பிறந்த குழந்தைகளுக்கு உரியது. கால்விரலின் சிற்றெலும்பை எடுத்து விரலின் தோற்பைக்குள் வைக்கும் முறை ஒன்று. அதை ஏறத்தாழ ஒன்றரை வயதுக்குள் செய்தால் எலும்பு தொடர்ந்து வளரும் வாய்ப்பு கூடும். முழு விரலையும் நுண்ணோக்கியின் உதவியோடு ரத்தக்குழாய்களை இணைத்து மாற்றுவது இன்னொன்று. இரண்டுக்குமே விரலைத் தாங்க உள்ளங்கை எலும்பு வேண்டும். இரண்டாவதற்கு, விரலை மடக்கவும் நீட்டவும் தசைநாரும் உணர்வு தர நரம்பும் கைவசம் இருக்க வேண்டும். முழங்கைக்கு மூன்று விரல்கடை கீழே இவை எவையும் இல்லை. அங்கே வைக்கப்படும் கால்விரல் அசையாத ஒரு சதைத்துண்டாக நிற்கும்; காலிலும் ஒரு விரல் குறைந்துபோகும். மொக்குகளையும் வெட்டி எடுக்க வேண்டியதில்லை. அவற்றில் அடிக்கடி புண் வந்தாலோ, வளர்ந்தபின் அவளே வேண்டாம் என்றாலோ சிறிய சிகிச்சையில் நீக்கிவிடலாம். அதுவரை அவை அவளுடையவை. பல குழந்தைகள் அவற்றைத் தொட்டும் சப்பியும் விளையாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மாற்றுக் கை பற்றி உங்கள் கணவர் கேட்டது இயல்பான கேள்வி. 2015-ல் கொச்சியிலும், 2018-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலும் இரு கைகளையும் இழந்த பெரியவர்களுக்குக் கைமாற்று அறுவை சிகிச்சை செய்யப்பட்டிருக்கிறது. அவர்கள் வளர்ந்து, இரண்டு கைகளையும் பயன்படுத்தி வாழ்ந்து, பின்பு இழந்தவர்கள். பிறர் கையை உடல் ஏற்றுக்கொள்ள, நோய் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளை வாழ்நாள் முழுவதும் உண்ண வேண்டும். அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும், தொற்றுநோய்களுக்கும் புற்றுநோய்க்கும் வாய்ப்பைக் கூட்டும். 2015-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் எட்டு வயதுச் சிறுவனுக்கு இரு கைகள் பொருத்தப்பட்டன. அவன் ஏற்கெனவே சிறுநீரக மாற்றுக்காக அதே வகை மருந்துகளை உண்டுவந்தவன். ஒரு கை முழுமையாக உள்ள, உடல்நலமான குழந்தையை அந்த ஆபத்துக்குள் தள்ள எந்த மருத்துவரும் முன்வரக்கூடாது.

இனி செயற்கைக் கை. மயோஎலக்ட்ரிக் எனப்படும் பேட்டரிக் கை, முன்னங்கைத் தசைகள் சுருங்கும்போது தோலின்மேல் எழும் மிக நுண்ணிய மின்னோட்டத்தை உணர்ந்து, மோட்டாரால் விரல்களைத் திறந்து மூடுகிறது. அருமையான பொறியியல் அது; அதைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. அதைத் தவிர, தோளில் வார் கட்டிக் கம்பியால் இழுத்து இயக்கும் கை, அசைவில்லாத இலேசான கை, ஒரு குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் மாட்டிக்கொள்ளும் கருவி என்று வேறு வகைகளும் இருக்கின்றன. முப்பரிமாண அச்சில் செய்யும் பிளாஸ்டிக் கைகளை இலவசமாகத் தரும் தன்னார்வலர்களைப் பற்றி யாரேனும் உங்களிடம் சொல்லக்கூடும். அவற்றில் பரவலாகச் செய்யப்படும் வடிவம் மணிக்கட்டின் அசைவால் விரலை மடக்குவது. மணிக்கட்டு இல்லாத உங்கள் மகளுக்கு அது பொருந்தாது.

இத்துறைக்கு வந்த புதிதில், ஒரு கை இல்லாத குழந்தைக்குக் கை செய்து கொடுப்பதே என் கடமை என்று நம்பியிருந்தேன். அப்படி நான் எழுதிக் கொடுத்த கையோடு, அந்தச் சிறுமி ஐந்து வயதில் திரும்பி வந்தாள். கை துணிப்பைக்குள் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. திருமணங்களுக்கும் புகைப்படத்துக்கும் மட்டும் போட்டுவிடுவோம் என்றார் தாய். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் அவிழ்ந்துபோன பாவாடை நாடாவைக் குறுங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே இறுக்கிக்கொண்டு, வலக்கையால் சுருக்குப் போட்டு முடித்துவிட்டாள். அந்தக் குறுங்கையின் தோலுக்கு நாடா எங்கே இருக்கிறது, எவ்வளவு இறுக்கம் போதும் என்பது தெரிந்திருந்தது. நான் கொடுத்த கை அந்தத் தோலைத்தான் மூடிவைத்தது. ஒரு குழந்தைக்குக் கை செய்யலாமா என்று யோசிக்குமுன், இருக்கும் கை என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

அந்தத் தாயின் அனுபவம் தனிப்பட்ட ஒன்றன்று. அமெரிக்காவின் ஷிரைனர்ஸ் குழந்தைகள் மருத்துவமனைகளில், ஒரு கை முழங்கைக்குக் கீழ் இல்லாமல் பிறந்த 489 பேரை ஆராய்ந்து 2006-ல் வெளியான முடிவு, செயற்கைக் கை அணிந்தவர்கள் அன்றாட வேலைத்திறனிலோ வாழ்க்கைத் தரத்திலோ அணியாதவர்களை விஞ்சவில்லை என்பது. சில குறிப்பிட்ட வேலைகளுக்குக் கருவியாகவும், பிறர் முன்னிலையில் கூச்சமின்றிப் பழகவும் அது உதவலாம் என்றும் அந்த ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். உலக அளவில் வெளியான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குழந்தைகளில் கம்பி இழுப்புக் கையை ஏறத்தாழ 45 சதவீதத்தினரும் மின்கையை 35 சதவீதத்தினரும் கைவிட்டிருந்தது 2007-ல் தெரியவந்தது. இன்னும் பின்னோக்கிப் போனால், 1957-ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து 1961 நவம்பரில் திரும்பப் பெறப்பட்ட தாலிடோமைடால் கை குறைந்து பிறந்த பிள்ளைகளுக்கு, அழுத்தப்பட்ட வாயுவால் இயங்கும் கைகளைப் பெருமுயற்சியோடு செய்து மாட்டினார்கள். கனமும் உறுத்தலும் தாங்காமல் பலர் அவற்றைக் கழற்றிவிட்டுத் தம் கால்களாலும் குறுங்கைகளாலுமே எழுதவும் உண்ணவும் பழகிக்கொண்டார்கள்.

மூளை மறந்துவிடும் என்ற பேச்சுக்கு வருகிறேன். ஒரு கையோடு பிறந்த பெரியவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்து 2017-ல் வெளியான ஆய்வில், இல்லாத கைக்கென்று மூளையில் அமைந்த பகுதி வெறுமனே கிடக்கவில்லை. குறுங்கை, உதடு, பாதம் என்று அவர்கள் கைக்குப் பதிலாகப் பயன்படுத்தும் உறுப்புகள் அசையும்போது அதே பகுதி வேலை செய்வது தெரிந்தது. உங்கள் மகளின் மூளையும் இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறது. சிறு வயதிலேயே அணிந்து பழகிய குழந்தைகள் பின்னாளில் தொடர்ந்து அணிவது கூடுதல் என்று சில மையங்கள் கருதுகின்றன. அதனால் உட்காரத் தொடங்கும் ஆறாம் மாதத்தையொட்டி அசைவற்ற இலேசான கையை மாட்டிவிடும் வழக்கமும் உண்டு. அந்தக் கருத்தை நான் மதிக்கிறேன். நீங்கள் விரும்பினால் அப்படி ஒன்றை முயன்று பார்ப்பதில் கெடுதல் இல்லை. மாட்டாமல் விடுவதிலும் கெடுதல் இல்லை. ஆனால் நாலரை லட்சம் ரூபாய் மின்கையை இரண்டு வயதுக் குழந்தைக்கு வாங்குவதை என்னால் பரிந்துரைக்க முடியாது. ஐந்து வயது வரை ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் குறுங்கை நுழையும் உறையான சாக்கெட்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்; அந்தச் செலவை உங்களிடம் சொன்னார்களா? நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இறுக்கமான உறைக்குள் வியர்த்து வேர்க்குரு பூத்த கையைக் குழந்தை எத்தனை நாள் பொறுத்துக்கொள்ளும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அவளாகவே ஒன்றைச் செய்ய விரும்பி, அதற்குக் கை எட்டாமல் தடுமாறும் நாள் வரும். அப்போது செயற்கைக் கருவிக்கு உண்மையான வேலை இருக்கும். சைக்கிளின் இடப்பக்கக் கைப்பிடியைப் பற்றும் ஒரு கிண்ணப்பிடி, ஸ்கிப்பிங் கயிற்றை மாட்ட ஒரு கொக்கி, உடற்பயிற்சிக்கு ஒரு தாங்கி என்று குறைந்த செலவில் செய்யலாம். வேலை முடிந்ததும் கழற்றிவைத்துவிடலாம். பதின்வயதில் அவளே மின்கை வேண்டும் என்று கேட்டால், அப்போதுள்ள நல்ல கையைத் தாராளமாக வாங்கிக் கொடுங்கள்; அப்போது அது வீணாகாது. சென்னை கலைஞர் கருணாநிதி நகரில் உள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தில் செயற்கை அவயவங்கள் செய்து தருகிறார்கள். கை அறுவை சிகிச்சை பற்றி இரண்டாவது கருத்து வேண்டுமானால் ஸ்டான்லியின் கை சிகிச்சைப் பிரிவையோ, வேலூர் சி.எம்.சி.யையோ, உங்களுக்கு அருகில் உள்ள கோவை கங்கா மருத்துவமனையையோ அணுகலாம்.

இப்போது வீட்டில் செய்ய வேண்டியவை சில உண்டு. என்னைக் கேட்டால் சிகிச்சை என்பதே இவைதாம். முழுக்கைச் சட்டை போட்டு அந்தக் கையை மூடாதீர்கள். அந்தத் தோல் காற்றையும் நீரையும் உங்கள் கன்னத்தையும் உணர வேண்டும். எண்ணெய் தேய்க்கும்போது இரண்டு கைகளுக்கும் ஒரே அளவு நேரம் கொடுங்கள். பொம்மையை வலப்பக்கமே நீட்டாமல் நடுவிலும் இடப்பக்கத்திலும் நீட்டுங்கள். பந்து, தலையணை போன்ற பெரிய பொருள்களை இரு கைகளாலும் அணைத்துப் பிடிக்கட்டும். குப்புறப் படுக்கும்போது இடப்பக்கம் தாழ்ந்தால் சிறிய துண்டைச் சுருட்டி அந்தக் கையின் கீழ் வைத்து உயரத்தைச் சமன் செய்யுங்கள். தவழ்வது கோணலாக இருக்கலாம், சில குழந்தைகள் தவழாமல் உட்கார்ந்தே நகர்ந்து நேராக நடக்கத் தொடங்குவார்கள். அதனால் கவலை இல்லை. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் செயல்முறை சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) இருந்தால், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அவரிடம் காட்டி வாருங்கள்.

மேலைநாட்டுப் பரிசோதனைப் பட்டியல்களில் கத்தியும் முட்கரண்டியும் பிடித்து உண்பது ஒரு முக்கியமான தேர்வாக இருக்கும். நம் வீட்டுச் சோற்றை எல்லோருமே ஒரு கையால்தான் பிசைந்து உண்கிறோம். காலால் அழுத்திக்கொள்ளும் அரிவாள்மனையில், காயை ஒரு கையால் பிடித்தே நறுக்கப் பழகிக்கொள்ளலாம். நமக்கே உரிய சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. உண்பதற்கும் கழுவுவதற்கும் வெவ்வேறு கை என்ற வழக்கத்தில், உங்கள் மகளுக்கு இரண்டுக்கும் வலக்கை ஒன்றுதான். இதை யாரும் பேசுவதில்லை. பள்ளியில் சேர்ந்தபின் மற்றப் பிள்ளைகள் பேசுவார்கள். எனவே கழிவறைப் பழக்கம் தொடங்கும்போதே தண்ணீர் பீய்ச்சும் குழாயைப் பயன்படுத்தவும், அழுத்தினால் வரும் திரவ சோப்பால் கழுவவும், சுவரில் ஒட்டிவைத்த பிரஷ்ஷில் நகங்களைத் தேய்த்துக்கொள்ளவும் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். இடக்கையால் வாங்காதே, கொடுக்காதே என்ற அதட்டல் அவளிடம் மட்டும் வேண்டாம். அந்தக் கை முன்னே நீள வேண்டும்.

பள்ளி வயதில் பையை ஒரு தோளில் தொங்கவிடாமல் இரு தோள்களிலும் மாட்டுவதைக் கட்டாயமாக்குங்கள். ஒற்றைக் கையால் எல்லா வேலைகளையும் செய்பவர்களுக்குப் பிற்காலத்தில் அந்தத் தோளிலும் கழுத்திலும் வலி வருவது அதிகம். முதுகு ஒரு பக்கம் வளைகிறதா என்பதையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை இப்போதே விண்ணப்பித்துப் பெறுங்கள். 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியையும், அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடங்களையும் உறுதி செய்கிறது. மருத்துவப் படிப்புக்கு இரு கைகளும் முழுமையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே கண்டித்திருக்கிறது.

தெருவில் கேட்பவர்களுக்கு, குழந்தையின் காதில் விழும்படி ஒரே பதிலைச் சொல்லிப் பழகுங்கள்: "இவள் கை இப்படித்தான் பிறந்தது, எல்லா வேலையும் செய்வாள்." அவள் பேசத் தொடங்கியதும் அதே பதிலை அவளே சொல்வாள். மணிக்கட்டு இல்லாத கையில் வளையல் தங்காது என்று உங்கள் மாமியார் வருந்தக்கூடும். மேற்கையில் வங்கி எனப்படும் சிறிய தோள்வளை அழகாகத் தங்கும்.

ஒரு வயது நிறைந்ததும் கை அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். அதுவரை ஸ்கேன்களுக்குச் செலவழிக்க வேண்டாம். முழங்கை நன்றாக மடங்கி நீள்கிறதா என்று அவர் அசைத்துப் பார்ப்பதும், எலும்புகளின் அமைப்பைக் காட்டும் ஓர் எக்ஸ்ரேயும் அப்போது போதும். போகும்போது, சட்டைக்கையை மடித்துவிட்டு அவள் விளையாடுவதைக் கைபேசியில் ஐந்து நிமிடம் படம்பிடித்து எடுத்துச் செல்லுங்கள். மருத்துவமனையில் அழும் குழந்தையிடம் கண்டுபிடிக்க முடியாததை அந்த ஐந்து நிமிடத்தில் மருத்துவர் பார்த்துவிடுவார்.